அந்நியன் சொல்லையும் கேட்ட வேலைக்காரன்!

ராஜபாளையம் நாயின் பெருமையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. பால் போன்ற வெள்ளை நிறம். இளஞ்சிவப்பு மூக்கு. ஓங்கிய உடல். 2005-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி இந்தியத் தபால் இலாகா அதற்குத் தபால்தலையே வெளியிட்டது.

அழகுக்காக மட்டும் அந்த நாயை யாரும் வளர்ப்பதில்லை. எஜமானின் குரலுக்கு அது அடங்கும். அந்நியன் குரலுக்கு அடங்காது. காவலுக்கு வேண்டிய முதல் குணம் அதுதான்.

அந்நியன் ஒருவன் வந்து, "கதவைத் திற" என்று சொன்னதும் திறந்துவிடும் நாயை யாராவது வாசலில் கட்டுவார்களா?

ஆனால், உலகத்தில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களின் வாசலில் அப்படிப்பட்ட வேலைக்காரன் ஒருவன் 25 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தான். அவனுடைய குறை 2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் வெளியே வந்தது. வந்த அன்றே உலகமெங்கும் கம்ப்யூட்டர் நிபுணர்கள் தூக்கத்தை இழந்தார்கள்.

அந்த வேலைக்காரனின் பெயர் "பாஷ்".

அவனைத் திருத்துவதா, மாற்றுவதா? மாற்றினால் அந்த இடத்தில் யாரை வைப்பது? இது எங்கோ அமெரிக்காவில் கேட்ட கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ராஜபாளையம் மில் ஆபீசுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் அதே கேள்விதான்.

ஓடும் பருப்பும்

நிலக்கடலையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறது. வெளியே ஓடு இருக்கிறது. கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

எந்திரத்தின் பாகங்களை எல்லாம் ஆட்டிவைக்கும் ஒரு புரோகிராம் உள்ளே இருக்கிறது. அதற்கு "கெர்னல்" என்று பெயர். கெர்னல் என்றால் பருப்பு. மனிதன் அதனுடன் நேருக்கு நேர் பேச முடியாது. இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் "ஷெல்". ஷெல் என்றால் ஓடு. 1960-களில் இந்தப் பெயரை வைத்தவர், லூயி பூசான் என்ற பிரெஞ்சு நிபுணர்.

மில் முதலாளி ஒவ்வொரு கதிரடியிலும் போய் நின்று வேலை வாங்குவதில்லை. மேஸ்திரியிடம் சொல்கிறார். மேஸ்திரி வேலையை நடத்துகிறார். ஷெல்லும் ஒரு மேஸ்திரிதான்.

இந்தக் காலத்தில் திரையில் உள்ள படத்தைத் தொட்டால் வேலை நடந்துவிடுகிறது. இருந்தாலும், கட்டளையை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் பழைய முறை மறைந்துவிடவில்லை. "இந்தக் கோப்பை நகல் எடு", "அந்தப் பட்டியலை வரிசைப்படுத்து" என்று அடித்தால் ஷெல் அதை வாங்கிக்கொண்டு செய்து முடிக்கிறது. பெரிய கம்ப்யூட்டர்களை நிர்வகிப்பவர்கள் இன்றும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

ஆள் எதிரே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்துவிட்டால் போதும். இரவு 2 மணிக்கு ஷெல் அதைத் தானாகப் படித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்.

மறுபிறவி எடுத்த போர்ன்

1979-ம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ஒரு ஷெல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஸ்டீபன் போர்ன். அதனால் அதற்கு "போர்ன் ஷெல்" என்று பெயர் வந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1989-ம் ஆண்டு ஜூன் மாதம், பிரையன் பாக்ஸ் என்ற இளைஞர் அதைப்போலவே வேலை செய்யும் புதிய ஷெல் ஒன்றை வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற கொள்கை உடைய சுதந்திர மென்பொருள் அமைப்புக்காக அதை எழுதினார். அதற்கு "போர்ன் அகெய்ன் ஷெல்" என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள். "மறுபிறவி எடுத்த ஷெல்" என்றும், "மறுபடியும் வந்த போர்ன் ஷெல்" என்றும் இரண்டு பொருள் தரும் சிலேடை அது. அதன் சுருக்கம்தான் பாஷ்.

பாஷ் பலே கெட்டிக்காரன். நேற்று அடித்த கட்டளையை நினைவில் வைத்துக்கொள்வான். பாதி அடித்தால் மீதியைத் தானே நிரப்புவான். கணக்குப் போடுவான். பட்டியல் வைத்துக்கொள்வான். லினக்ஸ் பரவிய இடமெல்லாம் அவனும் பரவினான். ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் இடம் பிடித்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் வினையும் இருந்தது!

பால்கோவாவும் கல்லாப்பெட்டியும்

ஷெல் வேலையைத் தொடங்கும்போது அதன் மேஜைமீது சில குறிப்புச் சீட்டுகள் இருக்கும். "வேலை சொல்பவர் பெயர் இது", "இன்ன மொழியில் பதில் சொல்", "கோப்புகள் இன்ன இடத்தில் இருக்கின்றன" என்று அவற்றில் எழுதியிருக்கும். அவை தகவல்கள். கட்டளைகள் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

பாஷ் மட்டும் ஒரு படி மேலே போனான். சீட்டு "() {" என்ற குறிகளுடன் தொடங்கினால், அதில் இருப்பது ஒரு செய்முறை என்று எடுத்துக்கொள்வான். பின்னால் யாராவது கேட்கும்போது செய்துகாட்டுவதற்காக மனப்பாடம் செய்துகொள்வான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்திருக்கிறான். அவனிடம் ஒரு சீட்டு வருகிறது.

"பாலை அடுப்பில் ஏற்று. சர்க்கரை சேர். சுண்டும்வரை கிளறு. இறக்கி வை."

செய்முறை இதோடு முடிகிறது. ஆனால் சீட்டு முடியவில்லை. அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது.

"கல்லாப்பெட்டியைத் திறந்து, பணத்தைப் பின்வாசலில் வை."

அந்த ஆள் என்ன செய்யவேண்டும்? செய்முறையை மனதில் வாங்கிக்கொண்டு நிறுத்தவேண்டும். அவன் நிறுத்தவில்லை. கடைசி வரியை அந்த நிமிடமே செய்துவிடுகிறான்! யார் எழுதியது என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

பாஷில் இருந்த ஓட்டை இதுதான். செய்முறை முடிந்த பிறகும் படித்துக்கொண்டே போனான். படித்ததை உடனே செய்தான்.

சீட்டு எழுதுவது யார்?

"திருடன் எழுதிய சீட்டு பாஷின் மேஜைக்கு எப்படிப் போகும்?" என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து.

மில் வாசலுக்கு வருகிறவர் ஒரு சீட்டில் தன் பெயர், ஊர், வந்த காரியம் ஆகியவற்றை எழுதி உள்ளே அனுப்புகிறார் அல்லவா? இன்டர்நெட்டிலும் அதே வழக்கம் உண்டு. ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஓர் இணையதளத்தைத் திறந்தால், அவருடைய கம்ப்யூட்டர் அந்தத் தளத்துக்கு, "நான் இன்ன புரோகிராம், இன்ன பக்கத்தில் இருந்து வருகிறேன்" என்று சொல்லி அனுப்புகிறது.

பழைய முறையில் இயங்கிய பல இணையதளங்கள், அந்த விவரங்களை அப்படியே குறிப்புச் சீட்டுகளில் எழுதி, வேலையைச் செய்யச் சொல்லி ஷெல்லை எழுப்பின. அந்த ஷெல் பாஷாக இருந்தால் முடிந்தது கதை! வருகிறவன் தன் பெயரை எழுதவேண்டிய இடத்தில், "() {" என்று தொடங்கி, முடிவில் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதி அனுப்பினால் போதும்.

ரகசியச் சொல் தேவை இல்லை. பூட்டை உடைக்கவேண்டாம். சுவர் ஏறிக் குதிக்கவேண்டாம். வாசலில் நின்று பெயரைச் சொன்னாலே கதவு திறந்துவிடும்.

திறந்தபின் என்ன நடக்கும்? அந்த இணையதளத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ, அவ்வளவும் திருடன் கைக்குப் போய்விடும். கோப்புகளைப் படிக்கலாம். மாற்றலாம். அழிக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரையே தன் கூலிப்படையில் சேர்த்து, வேறு கம்ப்யூட்டர்களைத் தாக்க ஏவலாம்.

வெள்ளிவிழா கண்ட ஓட்டை

பாஷின் பழைய பதிப்புகளை ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இந்தப் பிழை நேற்று முளைத்தது அல்ல. 1989-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எழுதப்பட்ட வரிகளில் புகுந்தது. செப்டம்பர் 1-ந் தேதி வெளியான பதிப்போடு உலகத்துக்கு வந்தது. 25 ஆண்டுகள் அங்கேயே இருந்து வெள்ளிவிழாவும் கண்டுவிட்டது!

இத்தனைக்கும் பாஷின் உட்புறம் ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால், "எல்லோரும் படிக்கலாம்" என்றால் "யாரோ படித்திருப்பார்" என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒருவரும் படிப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன் சாசெலா என்ற பிரெஞ்சுக்காரர். பிரிட்டனில் வேலை பார்த்துவந்தவர். 2014-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, பாஷைப் பராமரிக்கும் செட் ரேமி என்பவருக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பினார்.

செட் ரேமி அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உத்தியோகம் பார்ப்பவர். பாஷைப் பராமரிப்பது அவருடைய சம்பள வேலை அல்ல. 20 ஆண்டுகளுக்கு மேலாக, ஓய்வு நேரத்தில், ஒரு காசு வாங்காமல் அதைப் பார்த்துவந்தார். உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தை நம்பி வியாபாரம் செய்துகொண்டிருந்தன.

செப்டம்பர் 24-ந் தேதி ஓட்டையும், அதை அடைக்கும் ஒட்டும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டன. முதல் உலகப்போரில் குண்டு வெடிப்புகளின் அதிர்ச்சியால் சிப்பாய்களுக்கு வந்த நோய்க்கு "ஷெல் ஷாக்" என்று பெயர். அந்தப் பெயரே இந்தப் பிழைக்கும் நிலைத்துவிட்டது.

ஒட்டுக்குமேல் ஒட்டு

சேதி பரவிய சில மணி நேரத்துக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. இணையதளங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் "கிளவுட்பிளேர்" கம்பெனி, நாள் ஒன்றுக்குச் சுமார் 15 லட்சம் தாக்குதல்களையும் நோட்டம்பார்க்கும் முயற்சிகளையும் கண்டதாக அந்த மாதக் கடைசியில் தெரிவித்தது. ஆபத்தின் அளவுக்கு அமெரிக்க அரசின் பட்டியலில் 10-க்கு 10 மதிப்பெண் போட்டார்கள்.

போட்ட ஒட்டாவது நின்றதா? அதுவும் இல்லை. அதே நாளில், கூகுள் கம்பெனியைச் சேர்ந்த டேவிஸ் ஆர்மண்டி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டையைக் காட்டினார். அடுத்தடுத்த நாட்களில் வேறு நிபுணர்களும் தோண்டத் தொடங்கினார்கள். கடைசியில் மொத்தம் ஆறு ஓட்டைகள் எண் போட்டுப் பதிவாயின.

"ரெட்ஹாட்" கம்பெனியின் புளோரியன் வைமர் ஒரு நல்ல யோசனை சொன்னார். "ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே போகவேண்டாம். செய்முறைச் சீட்டு என்றால் அதற்குத் தனி முத்திரை இருக்கட்டும். முத்திரை இல்லாத சீட்டில் எது எழுதியிருந்தாலும், அதை வெறும் தகவலாக மட்டும் பாஷ் பார்க்கட்டும்" என்பது அதன் சாரம். வெளியே இருந்து வருகிறவன் அந்த முத்திரையைப் போட முடியாது. அந்த ஏற்பாடு நிலைத்தது. இன்றைய பாஷில் இருப்பது அதுதான்.

ஒல்லியான ஆள்

இந்த அமளியில் சிலர் மட்டும் அதிகம் பதறவில்லை. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். அதற்குக் காரணம் உண்டு.

லினக்சில் ஷெல்லுக்கு இரண்டு உத்தியோகங்கள் இருக்கின்றன.

ஒன்று, மனிதனுடன் பேசுவது. அவர் அடிக்கும் கட்டளையை வாங்கிக்கொள்வது. இதற்குச் சாமர்த்தியசாலி வேண்டும்.

மற்றொன்று, மற்ற புரோகிராம்கள் கூப்பிடும்போது ஓடிவந்து வேலை செய்வது. அந்த நாற்காலிக்கு "எஸ்.எச்." என்ற இரண்டெழுத்துப் பெயர். புரோகிராம்கள் ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்காலியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அதில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் எழுந்து வருவார்.

ரெட்ஹாட் போன்ற பல வகைகளில் இரண்டு உத்தியோகத்தையும் பாஷே பார்த்தான். உபுண்டு அப்படி விடவில்லை. 2006-ம் ஆண்டு அக்டோபரில் வெளியான பதிப்பில், "எஸ்.எச்." நாற்காலியில் இருந்து பாஷை எழுப்பிவிட்டு, "டாஷ்" என்ற வேறொருவனை உட்காரவைத்தது. 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் டெபியனும் அதையே செய்தது.

யார் இந்த டாஷ்? 1989-ம் ஆண்டில் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் என்பவர் எழுதிய "ஆஷ்" என்ற ஷெல்லின் வாரிசு. 1997-ம் ஆண்டில் ஹெர்பர்ட் சூ என்பவர் அதை டெபியனுக்குக் கொண்டுவந்தார். ஆள் ஒல்லி. 2014-ல் உபுண்டுவில் பாஷின் எடை சுமார் 10 லட்சம் பைட்டுகள். டாஷின் எடை அதில் எட்டில் ஒரு பங்குதான். பழைய கட்டளைகளை நினைவில் வைக்கமாட்டான். பாதி வார்த்தையை நிரப்பமாட்டான். சீட்டில் வரும் செய்முறையைக் கற்றுக்கொள்ளும் வித்தையும் அவனுக்குத் தெரியாது.

தெரியாததால்தான் தப்பினான்! "() {" என்று தொடங்கும் சீட்டு அவனுக்கு வெறும் எழுத்து. படித்தான், வைத்துவிட்டான்.

பாதுகாப்பை நினைத்து உபுண்டு இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் சீக்கிரம் கிளம்பவேண்டும் என்பதற்காகத்தான் செய்தது. அதற்கு அப்போது கிடைத்தது பாராட்டு அல்ல, வசவு. பாஷுக்கு மட்டுமே புரியும் பேச்சில் எழுதியிருந்த பல கட்டளைப் பட்டியல்கள், டாஷிடம் போனதும் நின்றுவிட்டன. அவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்தவேண்டி வந்தது. அன்று பட்ட அந்தப் பாட்டுக்கு எட்டு ஆண்டுகள் கழித்துப் பலன் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில்

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர். ஆனால், மாவட்டத்தின் தலைமைக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாள் கோவிலின் 11 நிலைக் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களைப் போலவே, வாய்தாவுக்கு வருகிறவர்களும் அந்த ஊருக்குத் தினமும் வருகிறார்கள்.

இந்தியாவின் கீழ்க்கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர் மயமாக்க, சுப்ரீம் கோர்ட்டின் மின்னணுக் கமிட்டி வகுத்த திட்டத்துக்கு "இ-கோர்ட்ஸ்" என்று பெயர். 2015-ம் ஆண்டில் முடிந்த அதன் முதல் கட்டத்தில் 14,000-க்கும் மேற்பட்ட கோர்ட்டுகள் கம்ப்யூட்டர் பெற்றன. ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுவிட்டு, அந்தக் கமிட்டி தேர்ந்தெடுத்தது உபுண்டு லினக்சை! 14,000-க்கும் அதிகமான நீதித்துறை அதிகாரிகளுக்கு அதில் பயிற்சி அளிக்கப்பட்டது. ஷெல் ஷாக் வெளியான 2014-ம் ஆண்டில், உபுண்டுவின் "எஸ்.எச்." நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் டாஷ்தான்.

இதன் முக்கியத்துவம் என்ன? கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது வெறும் எண்கள் அல்ல. யார்மீது என்ன வழக்கு, அடுத்த வாய்தா எப்போது, என்ன உத்தரவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2015-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நாட்டின் கீழ்க்கோர்ட்டுகளில் நிலுவையில் உள்ள வழக்குகளின் விவரத்தைப் பொதுமக்களே இன்டர்நெட்டில் பார்க்கலாம் என்று ஆயிற்று. வத்திராயிருப்பில் இருக்கும் விவசாயி, தன் நிலத்து வழக்கின் நிலையை வீட்டில் இருந்தபடியே பார்க்கிறார். அந்தத் திரையில் ஒரு தேதியை யாராவது மாற்றிவிட்டால், அவருக்கு ஒரு வாய்தா தவறும். வாய்தா தவறினால், வழக்கே ஒருதலைப்பட்சமாக முடிந்துபோகலாம்.

பெயர் சொல்லாத அந்நியன் உள்ளே நுழைவது என்றால் அதன் பொருள் இதுதான்.

டாஷ் இருந்தால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. உபுண்டுவிலும் பாஷ் இன்னொரு நாற்காலியில் இருக்கிறான். "பாஷைத்தான் கூப்பிடு" என்று பெயர் சொல்லி எழுதிய கட்டளைப் பட்டியல்களும் உண்டு. அதனால் உபுண்டு, டெபியன் கம்ப்யூட்டர்களுக்கும் ஒட்டுப் போடவேண்டியிருந்தது. வாசலில் கூட்டம் குறைந்தது. கதவு பூட்டப்படவில்லை என்று சொல்லலாம்.

மில் ஆபீசின் மூலையில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் கூப்பிடு தூரம். நூற்பு ஆலைகளின் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ம் ஆண்டு ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தயாராகும் மருத்துவத் துணி, நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

மில்லில் கதிர்களுக்கு எண்ணெய் போட முறை உண்டு. எந்த எந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் போடவேண்டும் என்று பிட்டருக்குத் தெரியும். போடாவிட்டால் நூல் அறுந்து, உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபீசின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் கதை வேறு. ஒரு நாள் யாரோ வந்து அதை வைத்துவிட்டுப் போவார். நூல் விலை, ஆர்டர், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில் ஏறும். "ஓடுகிறது, தொடாதே" என்பதே அதற்குச் சட்டமாகிவிடும். அது சத்தம் போடாது. புகையாது. திருடன் வந்துபோனாலும் சொல்லாது. இது ஓர் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. சிறு தொழில் நடக்கும் இடமெல்லாம் இப்படித்தான்.

ஒட்டு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆனபிறகும், ஷெல் ஷாக் ஓட்டையைத் தேடி இன்டர்நெட்டில் அலையும் புரோகிராம்கள் ஓயவில்லை. போடாத ஒட்டு இல்லாத ஒட்டுதானே!

மாணவர்களின் லேப்டாப்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவ, மாணவிகளுக்கு விலை இல்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்த "பாஸ்" லினக்சும் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. பாஸ் வேறு, பாஷ் வேறு. பாஸ் என்பது டெபியன் வழிவந்த முழு லினக்ஸ். பாஷ் அதன் உள்ளே இருக்கும் ஒரு வேலைக்காரன்.

இத்தகைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஷெல் ஷாக்கால் ஆபத்து குறைவு. வெளியார் வந்து கதவைத் தட்டும் வாசலே பெரும்பாலும் அதில் இல்லை. ஆபத்து எல்லாம், நாள் முழுவதும் விழித்திருந்து வெளியாருக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டருக்குத்தான்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் பாஷ் வருவதில்லை. வேறொரு சிறிய ஷெல் இருக்கிறது. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் சிறு பெட்டிகளில் பலவும், டாஷின் உறவினனான ஆஷை வைத்தே ஓடுகின்றன. இடம் போதாது என்பதால் சிறியவனை வைத்தார்கள். அதுவே காப்பாற்றியது.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

பாஷை அடியோடு துரத்திவிடலாம் என்று 2014-ல் சிலர் நினைத்தார்கள். அது நடக்கிற காரியம் அல்ல. பல லினக்ஸ் வகைகளில் பாஷ் இல்லாமல் வேறு பல புரோகிராம்கள் ஓடா.

வேறு ஷெல்களும் உண்டு. 1990-ம் ஆண்டு பிரின்ஸ்டன் மாணவர் பால் பால்ஸ்டட் எழுதிய "இசட்-ஷெல்", மனிதனுடன் பேசுவதில் பாஷைவிடச் சாமர்த்தியம் உடையது. 2019-ம் ஆண்டு முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் பாஷின் இடத்துக்கு அதுதான் வந்தது. 2005-ல் வந்த "பிஷ்", புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எளிது. ஆனால் அதன் பேச்சு வேறு. பழைய கட்டளைப் பட்டியல்கள் அதனிடம் செல்லா. 1983-ம் ஆண்டில் டேவிட் கார்ன் தந்த "கார்ன் ஷெல்" பெரிய கம்பெனிகளில் பேர்பெற்றது.

"பாஷ் கெட்டவன், மற்றவர் நல்லவர்" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. 2019-ம் ஆண்டில் கார்ன் ஷெல்லிலும், குறிப்புச் சீட்டு வழியாகவே கட்டளை நுழையும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்!

அதனால் ஆளைப் பார்ப்பதைவிட உத்தியோகத்தைப் பார்ப்பதே சரி.

மனிதன் முன்னால் உட்கார்ந்து வேலை வாங்கும் இடத்தில் பாஷ் இருக்கலாம், இசட்-ஷெல்லும் இருக்கலாம். ஒட்டுப் போட்ட புதிய பதிப்பாக இருந்தால் போதும்.

வெளியாருக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டரில், "எஸ்.எச்." நாற்காலியில் டாஷ் போன்ற ஒல்லியான ஆளை உட்காரவைப்பது நல்லது. மாற்றுவதற்கு முன்னால் பழைய கட்டளைப் பட்டியல்களைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

வெளியார் எழுதியனுப்பும் விவரங்களை ஷெல்லிடமே கொண்டுபோகாத இணையதளம் அதைவிட நல்லது. கூப்பிடாத வேலைக்காரனை யாரும் ஏமாற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுகள் தொடர்ந்து வரும் பதிப்பாக இருக்கவேண்டும். உபுண்டுவின் 12.04 பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் வரை ஒட்டுகள் வந்தன. 2017-ம் ஆண்டு ஏப்ரலோடு அவை நின்றன. அதற்குமேல் அதை வைத்து ஓட்டுவது, வாட்சுமேன் ஓய்வுபெற்ற பிறகும் அவருடைய நாற்காலியை வாசலில் போட்டுவைப்பது போன்றது.

எண்ணெய் போடும் தேதி

இந்தியாவில் இத்தகைய ஆபத்துகளை எச்சரிக்க, மத்திய அரசின் "செர்ட்-இன்" என்ற அமைப்பு 2004-ம் ஆண்டில் இருந்து இயங்கிவருகிறது. புதிய ஓட்டைகளைப் பற்றி அது அறிவிப்புகள் வெளியிடுகிறது. கம்ப்யூட்டரில் யாராவது புகுந்துவிட்டது தெரிந்தால், 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தரவேண்டும் என்று 2022-ம் ஆண்டில் உத்தரவும் வந்தது.

ஆனால் அறிவிப்பைப் படிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். படித்ததும் எழுந்துபோய் ஒட்டைப் போடுவதற்கு அந்த ஆளுக்கு நேரமும் அதிகாரமும் வேண்டும்.

கெட்டிக்கார வேலைக்காரன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரனைப் பேசும் இடத்தில் வைக்கலாம். வாசலில், தன் வேலை மட்டும் தெரிந்தவனை வைக்கவேண்டும். இருவரில் யாரை வைத்தாலும், எண்ணெய் போடும் தேதியை ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் கம்ப்யூட்டரின் மேலேயே ஒட்டிவைக்கவேண்டும். கதிருக்குப் பிட்டர் இருப்பதுபோல அதற்கும் ஒருவர் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கவேண்டும்.